கோல்களும் ஆல்பா துகள்களும்

41, 81, 44.

ஆய்வுக்கூடத்தில் ஒரே பொருளை மூன்று முறை அளந்து, ஒரு மாணவர் இந்த மூன்று எண்களையும் குறிப்பேட்டில் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வார்? நடுவில் உள்ள 81-ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "அது ஏதோ கை தவறி வந்துவிட்டது, சார்" என்பார். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இது அன்றாடக் காட்சி.

மேலே கண்ட எண்களோ எந்தக் கருவியும் காட்டியவை அல்ல. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் என்னும் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியில் லெஸ்டர் சிட்டி என்ற அணி அடுத்தடுத்த மூன்று பருவங்களில் பெற்ற மொத்தப் புள்ளிகள் அவை. 2014-15-இல் 41 புள்ளி, பதினான்காம் இடம். 2015-16-இல் 81 புள்ளி, முதலிடம். 2016-17-இல் 44 புள்ளி, பன்னிரண்டாம் இடம். நடுவில் உள்ள 81-ஐ அடித்துவிட முடியாது. அந்தக் கோப்பை 1884-இல் தோன்றிய அந்த அணி தன் 132 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக வென்றது. ஊரே திரண்டு கொண்டாடிய ஒன்றை நாம் அடிப்பது எப்படி?

ஆனால் ஓர் இயற்பியல் மாணவர் கேட்கவேண்டிய கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த 81-இல் திறமை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு? இரண்டையும் பிரித்து அளக்க முடியுமா? முடியும். அதற்கு வேண்டியது லாகரிதப் பட்டியலும் ஒரு பகடையும் கொஞ்சம் பொறுமையுமே.

முதலில் லீக் முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மொத்தம் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடும் இரு முறை மோதும். ஒரு முறை சொந்த ஊரில், மறு முறை எதிரணியின் ஊரில். ஆகவே அணிக்கு 38 ஆட்டம். லீக் முழுவதும் 380 ஆட்டம். வென்றால் 3 புள்ளி, சமன் ஆனால் ஆளுக்கு 1 புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. (இங்கிலாந்தில் 1981 வரை வெற்றிக்கு 2 புள்ளிதான் தந்தார்கள்.) புள்ளிகள் சமமானால், போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது. ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும்போது யாருக்கு அதிகப் புள்ளியோ அவரே சாம்பியன்.

2015-16 பருவத்தில் லெஸ்டர் 23 ஆட்டங்களில் வென்றது; 12 சமன்; 3 தோல்வி மட்டுமே. அதில் இரண்டு ஆர்சனலிடம், ஒன்று லிவர்பூலிடம். போட்ட கோல்கள் 68, வாங்கியவை 36. 2016 மே 2-ஆம் நாள் செல்சி - டாட்டன்ஹாம் ஆட்டம் 2-2 என்று முடிந்தபோது, தனக்கு இன்னும் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருக்கையிலேயே லெஸ்டர் சாம்பியன் ஆகிவிட்டது. பயிற்சியாளர் இத்தாலியரான கிளாடியோ ரனியெரி. ஜேமி வார்டி 24 கோல்களும் ரியாத் மஹ்ரெஸ் 17 கோல்களும் போட்டார்கள். பருவம் தொடங்கும் முன் லெஸ்டர் மீது ஒரு பவுன் கட்டினால் 5,000 பவுன் தருவதாகப் பந்தய நிறுவனங்கள் அறிவித்திருந்தன. இந்த 5,000-க்குப் பிறகு வருவோம்.

குதிரை உதையும் கதிரியக்கமும்

கால்பந்தின் தனித்தன்மை என்ன? கோல் அரிதாகவே விழும் என்பதுதான். அந்தப் பருவத்தின் 380 ஆட்டங்களிலும் சேர்த்து விழுந்த கோல்கள் 1,026. ஆட்டத்துக்குச் சராசரி 2.7. இருபத்திரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் ஓடி, முயன்று, மோதி, இறுதியில் கிடைப்பவை இரண்டு மூன்று கோல்கள்! அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஓர் அணி மட்டுமே ஓர் ஆட்டத்தில் நாற்பது முறை வரை கூடைக்குள் பந்தைப் போடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரிதாக நிகழ்பவற்றுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. 1837-இல் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் பாய்சான் அதை வகுத்தார். 1898-இல் போர்ட்கிவிட்ச் என்பவர் அதற்கு ஒரு விந்தையான எடுத்துக்காட்டைக் கண்டுபிடித்தார். பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் பதிவு அது. 14 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 280 பதிவுகள். அவற்றில் ஒருவரும் இறக்காதவை 144, ஒருவர் இறந்தவை 91, இருவர் 32, மூவர் 11, நால்வர் 2. நால்வர் இறந்த ஆண்டில் அந்தப் படைப்பிரிவின் குதிரைகளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது என்று எவரும் சொல்லலாம். ஆனால் பாய்சான் கணக்கே 280-இல் ஒன்றிரண்டு பதிவுகள் அப்படி இருக்கும் என்கிறது. குதிரைகளிடம் மாற்றம் எதுவும் தேவையில்லை.

1910-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் கைகரும் இதே கணக்கைக் கதிரியக்கத்தில் கண்டார்கள். கதிரியக்கப் பொருள் ஒன்றிலிருந்து வரும் ஆல்பா துகள்கள் திரையில் விழும்போது தோன்றும் சிறு ஒளிப்பொறிகளை 7.5 விநாடிக்கு ஒரு முறை எண்ணினார்கள். மொத்தம் 2,608 முறை. சராசரி 3.87 துகள். ஒரு துகள்கூட வராத இடைவெளிகள் எத்தனை இருக்கவேண்டும்? கணக்கு சொல்வது 54. அவர்கள் கண்டது 57. ஓர் அணு எப்போது சிதையும் என்று அணுவுக்கே தெரியாது. ஆனால் மொத்தக் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. (கால்பந்துக்குப் பெயர்போன இரண்டு அணிகள் அதே மான்செஸ்டரில்தான் இருக்கின்றன என்பது வெறும் தற்செயல்!)

இப்போது லெஸ்டர் வாங்கிய கோல்களுக்கு வருவோம். 38 ஆட்டம், ஆட்டத்துக்கு 90 நிமிடம். ஆக 3,420 நிமிடங்கள். வாங்கிய கோல்கள் 36. வகுத்தால் 95 நிமிடத்துக்கு ஒரு கோல். (காயத்துக்காகக் கூட்டித் தரும் நிமிடங்களை விட்டுவிடுகிறோம்.) அதாவது ஏதேனும் ஒரு நிமிடத்தில் கோல் விழும் வாய்ப்பு 95-இல் 1, விழாமல் இருக்கும் வாய்ப்பு 95-இல் 94. ஒவ்வொரு நிமிடமும் முந்தைய நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்று கொண்டால், 90 நிமிடமும் கோல் விழாதிருக்கும் வாய்ப்பு 94/95 என்பதைத் தொண்ணூறு முறை தன்னாலேயே பெருக்கி வருவது. லாகரிதப் பட்டியலை எடுங்கள்: 94-க்கு 1.9731, 95-க்கு 1.9777, வேறுபாடு 0.0046. அதை 90-ஆல் பெருக்க 0.414. எதிர்மடக்கை பார்த்தால் வாய்ப்பு சுமார் 0.386. எனவே 38 ஆட்டங்களில் 14.7 ஆட்டங்களில் லெஸ்டர் கோல் வாங்காமல் இருந்திருக்கவேண்டும்.

உண்மையில் இருந்தது 15!

இதே முறையில் ஒரே ஒரு கோல், இரண்டு கோல் என்று மேலே போகலாம். ஒரே கோல் என்றால் அது தொண்ணூறு நிமிடங்களில் எந்த நிமிடத்திலும் விழலாம் என்பதால் 90-ஆல் பெருக்கவேண்டும். மீதி 89 நிமிடங்களும் வெறுமையாகக் கழியவேண்டும். முடிவுகள் இவை:

வாங்கிய கோல் 0 — கணக்கு 14.7 ஆட்டம் — நடந்தது 15
வாங்கிய கோல் 1 — கணக்கு 14.0 — நடந்தது 13
வாங்கிய கோல் 2 — கணக்கு 6.6 — நடந்தது 9
வாங்கிய கோல் 3 — கணக்கு 2.1 — நடந்தது 0
4-உம் அதற்கு மேலும் — கணக்கு 0.6 — நடந்தது 1

கடைசி வரிசையில் உள்ள அந்த ஒன்று, 2015 செப்டம்பரில் ஆர்சனலிடம் 5-2 என்று தோற்ற ஆட்டம். மறுநாள் பத்திரிகைகளில் ஒரு தோல்விக்கு ஆயிரம் காரணங்கள் சொல்லப்படும். காரணங்கள் இருக்கலாம். ஆனால் காரணமே இல்லாமலும் 38 ஆட்டங்களில் அப்படி ஒன்று வருவதில் வியப்பில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கோல்காவலரும் தடுப்பாட்டக்காரர்களும் சிந்தித்து ஆடும் மனிதர்கள். அவர்களைச் சிந்தனையற்ற அணுக்களோடு ஒப்பிடுவது சரியா? நல்ல ஐயம். ஆல்பா துகள் அளவுக்குத் துல்லியமான பொருத்தம் கால்பந்தில் கிடைக்காது என்பது உண்மையே. பிற்பாதியில் முற்பாதியைவிடக் கோல்கள் சற்று அதிகம் விழும்; எதிரணியின் வலிமையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆனால் திறமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். 95 நிமிடத்துக்கு ஒரு கோல் என்ற அந்தச் சராசரியில்தான் இருக்கிறது. திறமையான தடுப்பு அந்த 95-ஐ உயர்த்தும். குறிப்பிட்ட இன்றைய ஆட்டத்தில் கோல் விழுமா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

வர்க்கமூலத்தின் ஆட்சி

எண்ணிக்கை அளவீடுகளுக்கு இயற்பியலில் ஓர் எளிய விதி உண்டு. தற்செயலாய் நிகழ்பவற்றை எண்ணி 100 என்று கண்டால், அதன் பிழை அதன் வர்க்கமூலமான 10. பிழை என்றவுடன் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டாம். அதே சோதனையை மறுபடி செய்தால் விடை எவ்வளவு முன்பின்னாக வரும் என்பதன் அளவுதான் அது. எண்ணிக்கை 10,000 ஆனால் பிழை 100. அதாவது நூற்றில் ஒன்று. எண்ணிக்கை 4 ஆனால் பிழை 2; அதாவது பாதிக்குப் பாதி! கால்பந்து இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. ஓர் ஆட்டம் என்பது இரண்டு மூன்று முறை மட்டுமே 'டிக்' என்று ஒலித்து ஓய்ந்துபோகும் கைகர் எண்ணி.

ஓர் அணி ஆட்டத்துக்கு 1.6 கோலும் அதன் எதிரணி 1.1 கோலும் போடக்கூடியவை என்று கொள்வோம். முதல் அணியின் மேன்மை அரை கோல். இரண்டையும் சேர்த்து 2.7 கோல், வித்தியாசத்தில் உள்ள பிழை 2.7-இன் வர்க்கமூலம், அதாவது 1.6. மேன்மையைப்போல மூன்று மடங்கு பிழை! ஓர் ஆட்டத்தை வைத்து எந்த அணி சிறந்தது என்று சொல்வது, காய்கறிக்கடைத் தராசில் தங்கம் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

38 ஆட்டம் ஆடினால்? மேன்மை 38 மடங்காகி 19 கோல் ஆகிறது. பிழையோ 38-இன் வர்க்கமூல அளவே பெருகி 10 ஆகிறது. இப்போது மேன்மை பிழையைவிடப் பெரிது. ஒரே ஆட்டத்தில் தலைவிதியை முடிக்காமல் ஒன்பது மாதம் இழுத்தடிக்கும் லீக் முறையின் நியாயம் இதுதான். அப்படியும் பிழை மறைந்துவிடவில்லை. அது அடங்கியிருக்கிறது, அவ்வளவே.

2015-16-இன் முன்னணி அணிகளின் கோல் வித்தியாசத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். டாட்டன்ஹாம் 34, லெஸ்டர் 32, மான்செஸ்டர் சிட்டி 30, ஆர்சனல் 29. முதலிடம் லெஸ்டருக்கு அல்ல! லெஸ்டரின் 68-ஐயும் 36-ஐயும் கூட்டினால் 104, வர்க்கமூலம் 10. ஆக 32 என்பது 22-க்கும் 42-க்கும் இடைப்பட்ட எதுவாகவும் இருந்திருக்கலாம். மற்ற மூன்று அணிகளின் நிலையும் அதுவே. கோல்களை மட்டும் பார்த்தால் இந்த நான்கு அணிகளையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஆனால் புள்ளிகளில் லெஸ்டர் 81, ஆர்சனல் 71, டாட்டன்ஹாம் 70, மான்செஸ்டர் சிட்டி 66 என்று இடைவெளி விழுந்திருக்கிறது. எப்படி?

லெஸ்டரின் 23 வெற்றிகளில் 14 வெற்றிகள் ஒரே கோல் வித்தியாசத்தில் கிடைத்தவை. 2016 மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் 3 வரை வாட்ஃபோர்டு, நியூகாசில், கிரிஸ்டல் பேலஸ், சவுத்தாம்ப்டன் என்று நான்கு அணிகளைத் தொடர்ந்து 1-0 என்றே வென்றது. 4-0 என்று வென்றாலும் 1-0 என்று வென்றாலும் 3 புள்ளிதானே! அந்தப் பதினான்கில் ஐந்தே ஐந்து ஆட்டங்களில் எதிரணிக்கு இன்னும் ஒரு கோல் கிடைத்திருந்தால், ஆட்டத்துக்கு 2 புள்ளியாக 10 புள்ளி போய் 71 ஆகியிருக்கும். கோல் வித்தியாசமும் 27 ஆகியிருக்கும். ஆர்சனலும் 71, அதன் வித்தியாசம் 29. கோப்பை லண்டனுக்குப் போயிருக்கும். ஒன்பது மாத உழைப்பின் முடிவு ஐந்து பந்துகளின் பாதையில் தொங்கிக்கொண்டிருந்தது. நியாயத்துக்காக இதையும் சொல்லவேண்டும்: லெஸ்டரின் 12 சமன்களில் சில வெற்றிகளாக மாறியிருக்கவும் இடமுண்டு. தற்செயல் ஒரு பக்கம் மட்டும் சாய்வதில்லை.

பகடை லீக்

இப்போது ஒரு கற்பனை லீக்கை அமைப்போம். அதில் 20 அணிகளும் திறமையில் முற்றிலும் சமம். ஒவ்வோர் ஆட்டத்தையும் பகடை தீர்மானிக்கிறது. 1 அல்லது 2 விழுந்தால் வெற்றி, 3 அல்லது 4 விழுந்தால் சமன், 5 அல்லது 6 விழுந்தால் தோல்வி. (நம் வீட்டுத் தாயக்கட்டைக்கு நான்கே பக்கங்கள், இதற்கு உதவாது. ஆறு முகமுள்ள லூடோ பகடை வேண்டும்.)

ஓர் ஆட்டத்தில் 3, 1, 0 ஆகிய மூன்றும் சம வாய்ப்புடன் வருவதால் சராசரி 4/3 புள்ளி. சராசரியிலிருந்து விலகல்கள் 5/3, 1/3, 4/3. அவற்றின் வர்க்கங்கள் 25/9, 1/9, 16/9. இவற்றின் சராசரி 14/9. இதைத்தான் புள்ளியியலில் விலக்க வர்க்கச் சராசரி என்கிறோம். 38 ஆட்டங்களுக்கு 38 மடங்கு, அதாவது 59. வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 7.7 புள்ளி. எனவே பகடை லீக்கில் அணிகள் சராசரியாக 51 புள்ளி பெறும். பெரும்பாலானவை 43-க்கும் 59-க்கும் நடுவில் நிற்கும். ஆனாலும் இருபது அணிகளில் யாரோ ஒருவர் முதலிடத்தில் இருந்தே தீரவேண்டும். அவருக்கு 65 புள்ளி அளவில் கிடைக்கும். கடைசி அணிக்கு 36 அளவில் கிடைக்கும். அந்த லீக்கின் சாம்பியனுக்கும் மாலை போடுவார்கள், அவருடைய உணவுப் பழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள்!

நிற்க. உண்மையான 2015-16 பட்டியலுக்கு இதே கணக்கைச் செய்தேன். 81-இல் தொடங்கி ஆஸ்டன் வில்லா அணியின் 17-இல் முடியும் இருபது எண்களின் சராசரி 51.65. விலக்க வர்க்கச் சராசரி 226. திட்ட விலக்கம் 15. பகடை லீக்கில் 59 மட்டுமே வந்தது. மீதி 167 எங்கிருந்து வந்தது? அணிகள் உண்மையிலேயே சமமில்லை என்பதிலிருந்து. அதாவது திறமையிலிருந்து.

கழித்தலை வர்க்கங்களில் செய்தோம் என்பதைக் கவனியுங்கள். 15-இலிருந்து 7.7-ஐ நேராகக் கழிக்கக்கூடாது. ஒன்றையொன்று சாராத இரு காரணங்களால் வரும் விலகல்கள் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப்போலக் கூடுகின்றன. தற்செயல் ஒரு பக்கம், நீளம் 7.7, திறமை மறு பக்கம், நீளம் 12.9, கர்ணம் 15. ஒன்பதாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம் கால்பந்து மைதானத்திலும் வேலை செய்கிறது!

ஆக, அந்தப் பருவத்தின் புள்ளிப் பட்டியலில் காணும் ஏற்றத்தாழ்வில், வர்க்கக் கணக்கில், சுமார் நான்கில் ஒரு பங்கு தற்செயல். நான்கில் மூன்று பங்கு திறமை. என்னைக் கேட்டால் இது திறமைக்குக் கௌரவமான விகிதம்தான். ஆனால் நான்கில் ஒரு பங்கு என்பது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஒவ்வோர் அணியின் புள்ளியையும் 81, 71, 70 என்று எழுதாமல் 81 ± 8, 71 ± 8, 70 ± 8 என்று எழுதுவதே ஆய்வுக்கூட முறை. இரண்டு அணிகளின் வேறுபாட்டில் பிழை இன்னும் கூடும்: 7.7-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 11. லெஸ்டருக்கும் ஆர்சனலுக்கும் இடையே இருந்தது 10. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே இருந்த ஒரே ஒரு புள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் 81?

பகடை மட்டும் ஆண்டால் 81 வருமா? சராசரியிலிருந்து 30 புள்ளி மேலே. திட்ட விலக்கத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. வெறும் அதிர்ஷ்டத்தால் அப்படி வருவது அரிதினும் அரிது. எனவே அந்த ஆண்டின் லெஸ்டர் நல்ல அணி. இதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு நல்ல அணி? சராசரிக்கு மேலே உள்ள 29 புள்ளியில் நான்கில் மூன்று பங்கைத் திறமைக்கு வரவு வைத்தால் சுமார் 22. ஆக 73 அல்லது 74 புள்ளிக்குரிய அணி. மீதி ஏழெட்டுப் புள்ளி காலத்தின் கொடை. பட்டியலின் உச்சியில் நிற்பவருக்குத் தற்செயல் பெரும்பாலும் உதவியே செய்திருக்கும். அதனால்தான் அவர் உச்சியில் நிற்கிறார். கடைசியில் நிற்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் இதே வாதம் தலைகீழாகப் பொருந்தும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை 1886-இல் பிரான்சிஸ் கால்ட்டன் விளக்கியதும் இந்த அடிப்படையில்தான்.

ஆனால் அடுத்த ஆண்டு வந்தது 73 அன்று, 44. பிழையின் அளவு 8 என்றோம். 29 புள்ளி வீழ்ச்சியை அது விழுங்காது. இங்கே தற்செயலின் மீது பழிபோட்டு நழுவிவிடக்கூடாது. சோதனையின் நிலைமையே மாறியிருக்கிறது. நடுக்களத்தில் எதிரணியின் பந்தைப் பறிப்பதில் இணையற்றவராக விளங்கிய என்கோலோ காண்டே 2016 கோடையில் செல்சிக்குப் போய்விட்டார். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் கால் இறுதி வரை ஆடியதால் ஆட்டச் சுமை கூடியது. 2017 பிப்ரவரியில் ரனியெரியும் நீக்கப்பட்டார். செல்சியின் மூன்று எண்களையும் பாருங்கள்: 2014-15-இல் 87 புள்ளியுடன் சாம்பியன், 2015-16-இல் 50 புள்ளியுடன் பத்தாம் இடம், 2016-17-இல், காண்டே வந்த பிறகு, 93 புள்ளியுடன் மீண்டும் சாம்பியன். ஒருவர் இடம் மாறியதால் மட்டுமே இத்தனையும் என்று நான் சொல்லமாட்டேன். செல்சிக்குப் புதிய பயிற்சியாளரும் வந்திருந்தார். 37 புள்ளி சரிவும் 43 புள்ளி ஏற்றமும் பகடையால் வருபவை அல்ல என்பது மட்டும் உறுதி.

பந்தயக்காரர்களின் 5,000-க்கு வருவோம். அது அளந்து கண்ட வாய்ப்பு அன்று. இங்கிலாந்தின் லீக் 1888-இல் தொடங்கியது. போர் ஆண்டுகள் போக 2016 வரை 120 பருவங்கள்கூட நடக்கவில்லை. ஐயாயிரத்தில் ஒன்று என்ற கூற்றைச் சரிபார்க்க ஐயாயிரம் பருவங்களாவது வேண்டாமா? அது "நடக்கவே நடக்காது" என்பதை எண்ணில் எழுதிய பேச்சு. அணியின் உண்மைத் திறமை நமக்கு முன்கூட்டியே சரியாகத் தெரியும் என்று கொண்டதில்தான் அந்தக் கணக்கு சறுக்கியது. நல்ல வேகமும் நல்ல தடுப்பும் ஒரே ஆண்டில் கூடிவந்த லெஸ்டர், முந்தைய ஆண்டின் 41 புள்ளி அணி அன்று.

எனவே 41, 81, 44 என்ற அளவீடுகளில் நடு எண்ணை அடித்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் ± 8 என்று எழுதுங்கள். அன்று கருவியில் என்ன மாற்றம் இருந்தது என்று ஒரு வரி குறியுங்கள். மூன்றும் ஒரே பொருளின் அளவுகள் என்று யார் சொன்னார்கள்?

நீங்களே செய்து பாருங்கள்

வகுப்பில் 20 பேர் சேருங்கள். ஆளுக்கு ஓர் அணி. ஒவ்வொருவரும் பகடையை 38 முறை உருட்டி, மேலே சொன்ன விதிப்படி புள்ளிகளைக் கூட்டுங்கள். (உண்மை லீக்கில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாகவேண்டும், இங்கே அந்தப் பிணைப்பை விட்டுவிட்டோம். அதனால் வரும் மாற்றம் சிறிதே.) பட்டியலை இறங்கு வரிசையில் எழுதிக் கரும்பலகையில் ஒட்டுங்கள். மறுநாள் மறுபடியும் 38 முறை உருட்டுங்கள். முதல் நாள் சாம்பியன் இரண்டாம் நாள் எந்த இடத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு வேலை. 2015-16-இல் சொந்த ஊர் அணி வென்ற ஆட்டங்கள் 157, வெளியூர் அணி வென்றவை 116, சமன் 107. கொரோனா காரணமாகப் பெரும்பாலான ஆட்டங்கள் பார்வையாளர் இன்றி நடந்த 2020-21-இல் சொந்த ஊர் வெற்றி 144, வெளியூர் வெற்றி 153, சமன் 83. சமன்களைத் தள்ளிவிட்டு, மீதி ஆட்டங்களை நாணயம் சுண்டியதாகக் கொள்ளுங்கள். N முறை சுண்டினால் தலை விழும் எண்ணிக்கையின் திட்ட விலக்கம் N-இன் வர்க்கமூலத்தில் பாதி. இரண்டு பருவங்களில் எதில் சொந்த ஊரின் வலிமை நாணயத்தை மீறித் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று கண்டுபிடியுங்கள். பாட்டும் கூச்சலுமாக மைதானத்தை நிறைக்கும் ரசிகர்கள் ஆட்டத்தில் பங்கு பெறுகிறார்களா, வேடிக்கை மட்டும் பார்க்கிறார்களா என்பதற்கு அதில் ஒரு துப்பு கிடைக்கும்.